தட்டக் கூடாத வீடு

அந்த வீட்டுக் கதவை நான் தட்டியிருக்கக் கூடாது. மணி இருந்தது. நிலைக்கு வலப்பக்கத்தில், மினுக்கி வைத்த பித்தளைப் பொத்தான். அதற்குக் கீழே ஓர் அட்டை: தட்ட வேண்டாம், மணியை அழுத்தவும். இரவு முழுக்கப் பேக்கரியில் நின்று பாண் பெட்டி அடுக்கிவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்தவனுக்கு அதையெல்லாம் வாசிக்கக் கண் எங்கே இருந்தது? பழக்கதோஷத்தில் விரல் முட்டியால் தட்டினேன்.

உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது.

பிறகு நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. 1995ஆம் ஆண்டு, ஒக்ரோபர் மாதத்தின் முதல் கிழமை. ஸ்காபரோவில் கிங்ஸ்டன் றோட்டிலிருந்து ஏரிப்பக்கம் இறங்கிப் போகும் ஒரு சின்னத் தெரு. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தபோது கதவு ஒரு சாண் திறந்தது. கழுத்துவரை பொத்தான் பூட்டிய நீலக் கம்பளிச் சட்டையோடு நெடிய கிழவர் ஒருவர் நின்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சப்பாத்தைப் பார்த்தார். அது நனைந்திருக்கிறதா என்றுதான் பார்த்தார் என்பது எனக்குப் பிறகே விளங்கியது.

“நீதானா தட்டியது?”

வாடகைக்குப் பேஸ்மென்ற் பார்க்க வந்தேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

“தனியாகவா வந்தாய்?”

தனியத்தான் என்றேன். அவர் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

“நல்லது. இனித் தட்டாதே.”

அவர் பெயர் ஹாம்ஸ். ஜெர்மன்காரர். எண்பத்துநாலு வயது, மனைவி செத்து ஒன்பது வருடம், பிள்ளைகள் இல்லை. அவருடைய ஆங்கிலமும் நொண்டி, என்னுடையதும் நொண்டி. அதனாலோ என்னவோ இரண்டு பேரும் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம்.

அந்தக் காலத்தில் ஸ்காபரோவில் எங்கள் சனத்தில் பாதி நிலத்துக்குக் கீழேதான் இருந்தது. நானும் மூன்று பேஸ்மென்றுகளில் இருந்து பார்த்தவன். ஆனால் இதைப்போல ஒன்றைக் கண்டதில்லை. கை உயர்த்தினால் முட்டும் கூரை. அதன் கீழே நீளத்துக்கும் ஓடும் தண்ணீர்க் குழாய்கள். அத்தனை குழாய்களுக்கும் அவர் துணி சுற்றியிருந்தார். கிழித்த படுக்கை விரிப்பு, பழைய துவாய், ஒரு கோட்டின் கை, மனைவியுடையதாக இருக்க வேண்டும், பூப்போட்ட ஒரு பாவாடைத் துணி. எல்லாவற்றையும் கயிற்றால் கட்டியிருந்தார். அந்த முடிச்சுகளைப் பார்த்ததும் ஆள் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“கடலில் வேலை செய்தீர்களா?”

“கடலுக்குக் கீழே” என்றார்.

என் பெயர் அகஸ்ரின். மன்னாரில் பேசாலை. என் அப்புவும் அவருடைய அப்புவும் கடலுக்குப் போனவர்கள், நானும் போனவன். இந்தக் கதையில் நான் மறைத்துக்கொண்டு திரிந்த ஒரு விஷயம் இருக்கிறது. அதை முதலே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லி ஆரையும் அசத்துகிற தெம்பு எனக்கில்லை.

என் மனைவி கிளடிஸ். அவளுக்கு ஒரு தம்பி, அலெக்ஸாண்டர். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபோது நானும் அவனும் சனத்தை இந்தியாவுக்கு ஏற்றி இறக்கினோம். விளக்குக் கொளுத்த முடியாது, கூப்பிடவும் முடியாது. அதனால் அவன் சின்ன வள்ளத்தில் தனியே முன்னால் போய் வழி பார்ப்பான். வள்ளத்தின் பக்கத்தில் துடுப்புப் பிடியால் தட்டித்தான் எங்கள் பேச்சு. ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டி, கொஞ்சம் விட்டு ஒன்று தட்டினால், நான் இங்கே நிற்கிறேன், வா.

கடைசிப் பயணத்தில் நேவியின் ரோந்துப் படகு ஒன்று எங்களைக் கண்டுவிட்டது. அலெக்ஸின் வள்ளம் வெடி பட்டுக் கவிழ்ந்தது. ரோந்துப் படகு போன பிறகு இருட்டுக்குள் அவன் கவிழ்ந்த வள்ளத்தில் தட்டுவது கேட்டது. இரண்டு. பிறகு ஒன்று. என் வள்ளத்தில் பத்தொன்பது பேர், அதில் ஆறு குழந்தைகள். நான் கிட்டப் போகவில்லை. என்ஜினை முடுக்கிக்கொண்டு நேரே போய்விட்டேன்.

பத்தொன்பது பேரும் பிழைத்தார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் கிளடிஸ் அழுதுவிட்டு என்னை மன்னித்திருப்பாள் என்றே நினைக்கிறேன். நான் சொல்லவில்லை. இருட்டில் பிரிந்துவிட்டோம், பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள், எங்கேயாவது ஒரு சிறையில் இருப்பான் என்றேன். அவள் ஐந்து வருடமாகச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தாள். ஊரில் மாமி, கிளடிஸின் தாய், அவன் சட்டைகளைத் தோய்த்து மடித்து வைத்துக்கொண்டிருந்தா. எங்கே இருந்தாலும் ரேடியோவைப் போட்டுக்கொண்டுதான் நான் படுப்பேன். கிளடிஸ் அது என் பழக்கம் என்று நினைத்தாள்.

பேக்கரியில் என்னோடு நின்ற றொய்சன்தான் இந்த இடத்தைச் சொன்னவன். “அண்ணை, வீடு நல்ல வீடு. ஆனால் உந்த வீட்டிலை ஆக்கள் நிலைக்கிறேல்லை” என்றும் சொன்னான். ஆழம் பார்க்காமல் காலை விட்டவன் நான்தான். தனி வாசல், ஈரமில்லாத சுவர், கோயிலுக்கு ஒரே பஸ். கிளடிஸுக்குப் பிடித்துவிட்டது. வந்துவிட்டோம்.

அவளுக்கு முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் பின்னேர வேலை. இரண்டு மணிக்குப் போனால் பத்துக்குத்தான் வருவாள். நான் காலையில் வந்து பகலில் படுப்பேன். ஒரே கட்டிலை முறை வைத்துப் பாவிக்கிறோம் என்று எங்களுக்குள் ஒரு பகிடி. அந்தப் பகிடிக்குச் சிரிக்கக்கூட இரண்டு பேருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

வந்த மூன்றாம் நாள். பின்னேரம் நாலு மணி கழிந்திருக்கும். வெளியே மழை மூட்டம். பேஸ்மென்ற் யன்னலால் வரும் வெளிச்சம் சாம்பல் நிறமாகி, பிறகு அதுவும் போய்விட்டது. ரேடியோ தலைமாட்டில் மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. நான் நித்திரைக்கும் விழிப்புக்கும் நடுவில் கிடந்தேன். முதலில் மணம்தான் வந்தது. டீசல். நனைந்த கம்பளி. அதற்குப் பின்னால், நான் ஐந்து வருடமாக முகராத ஒரு மணம். ஒன்ராறியோ ஏரி நல்ல தண்ணீர். அதற்கு அந்த மணம் இல்லை. கடலுக்கு மட்டும்தான் உண்டு.

பிறகு சுவரில் ஒரு தட்டு.

ஏரிப்பக்கத்துச் சுவர் அது. அதற்கு அந்தப் பக்கம் வீடு இல்லை, அறை இல்லை. எட்டடி ஆழத்துக்கு மண்தான்.

இன்னொரு தட்டு. பிறகு பல. உள்ளங்கையால் அடிப்பது போலச் சில, மரத்தால் இடிப்பது போலச் சில, நகத்தால் சுரண்டுவது போல ஒன்று. அவை ஓரிடத்தில் நிற்கவில்லை. என் தலைமாட்டுப் பக்கம் தொடங்கி, சுவர் நீளத்துக்கும் நகர்ந்து, கால்மாட்டுக்குப் போயின. தட்டுகிறவர்கள் நடக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். இல்லை. அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

வீடுதான் அவர்களை விட்டு நகர்ந்து போய்க்கொண்டிருந்தது.

மேலே கிழவரின் காலடி சமையலறையில் நின்றது. கதிரை ஒன்று இழுபட்டது. பிறகு அவரும் அசையவில்லை. பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கியது. நான் எழுந்து லைற்றைப் போட்டுச் சுவரைத் தடவினேன். ஈரம் இல்லை. வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன்.

கடல் உப்பை எனக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை.

கிளடிஸிடம் சொல்லவில்லை. மற்ற ஆக்கள் ஓடினது போல நாங்களும் ஓடியிருக்கலாம். ஆனால் அது நாலாவது வீடு. ஐந்தாவது வீடு தேடுவதைவிடப் பேயோடு இருந்துவிடலாம் என்ற அளவுக்கு எனக்கு அலுப்பு. மூன்று கிழமை நாள் தவறாமல் கேட்டேன். நாலு பத்துக்குத் தொடங்கும். ஞாயிறு மட்டும் தெரியாது. ஞாயிறுகளில் நாலு மணிக்குத் தமிழ்ப் பூசை, இரண்டு பேரும் கோயிலில் இருப்போம்.

ஒக்ரோபர் முடிகிற நேரம் ஒருநாள் மூன்றரைக்கு எழுந்து மேலே போய் மணியை அழுத்தினேன். அவர் முட்டை அவித்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு பழைய நிறுத்தற் கடிகாரம்.

“உனக்கும் கேட்கிறது” என்றார். அது கேள்வி இல்லை.

“ஆர் அவர்கள்?”

அவர் முட்டையை எடுத்துத் தண்ணீரில் போட்டார். கடிகாரத்தை நிறுத்தினார். தண்ணீருக்குள் குண்டு விட்டால் அது போய்ச் சேரும் நேரத்தை இதில்தான் எண்ணுவோம், இப்போது முட்டைக்குத்தான் பயன்படுகிறது என்றார். பிறகு சொல்லத் தொடங்கினார். பலமுறை தனக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை என்பது குரலிலேயே தெரிந்தது.

பத்தொன்பது வயதில் கடற்படையில் சேர்ந்தவர். ஆறு வருடம் தண்ணீருக்கு மேலே ஓடும் கப்பல். பிறகு நீர்மூழ்கி. காது கூர்மை என்று கேட்புக் கருவியில் இருத்தினார்கள். தண்ணீருக்குள் எந்தக் கப்பல் எவ்வளவு தூரத்தில் போகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்வாராம். 1941இல் தனக்கென்று ஒரு நீர்மூழ்கிப் படகு, அவருக்குக் கீழே நாற்பத்தெட்டுப் பேர். முப்பது வயதுத் தளபதி. இரண்டு வருடத்தில் ஏழு கப்பலைத் தாழ்த்தினார். கழுத்தில் பதக்கம் போட்டார்கள். அவர் முகத்தைத் தபாலட்டையில் அச்சடித்து விற்றார்கள், பெட்டைகள் அதில் கையெழுத்துக் கேட்டார்கள்.

“கப்பல் தாழ்ந்த பிறகு நாங்கள் மேலே வருவோம். உயிர்காப்புப் படகில் இருப்பவர்களிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். கப்பலின் பெயர், சரக்கு, எத்தனை தொன். அதைப் புத்தகத்தில் எழுத வேண்டும். முதல் கப்பலுக்கு நான் பாணும் சிகரெட்டும் கொடுத்தேன். கரை எந்தப் பக்கம் என்று காட்டினேன். பிறகு மேலிடத்துக் கட்டளை வந்தது. ஒன்றும் கொடுக்கக் கூடாது, ஆரையும் ஏற்றக் கூடாது.”

ஏழாவது கப்பல், 1943 மார்ச். எடித் ரோவன் என்று பெயர். இருபத்திரண்டு பேர் ஒரு படகில். பனி பெய்துகொண்டிருந்ததாம். அவர் மூன்று கேள்வியையும் கேட்டார். அவர்கள் மூன்றுக்கும் பதில் சொன்னார்கள். சொன்னால் ஏதாவது தருவார் என்று நினைத்திருக்க வேண்டும். அவர் எழுதிக்கொண்டு உள்ளே இறங்கி மூடியை மூடச் சொன்னார்.

“அப்போது தட்டினார்கள். கையாலும் துடுப்பாலும் எங்கள் படகின் பக்கத்தில் தட்டினார்கள். கோபமாக இல்லை. ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல. நாங்கள் மெல்ல முன்னே போனோம். தட்டு முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குப் போனது. உள்ளே நாற்பத்தெட்டுப் பேரும் தலையை நிமிர்த்தவில்லை. நான் இறங்கச் சொன்னேன். தண்ணீர் மூடின பிறகும் கேட்டது.”

மறு வருடம் அவர் படகும் போனது. மூன்று மணித்தியாலம் தண்ணீரில் கிடந்தவரை எதிரிக் கப்பல் ஒன்று நின்று தூக்கியது. அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் முதல் தடவையாக உடைந்தது.

“எனக்காக நின்றார்கள்” என்றார். “பத்து நிமிடம் நின்றார்கள்.”

கைதியாகக் கனடாவுக்குக் கொண்டு வந்தார்கள். சண்டை முடிந்து திருப்பி அனுப்பியும் 1953இல் தானாகவே திரும்பி வந்தாராம். ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் இருபத்துமூன்று வருடம் இயந்திரப் படம் வரைந்தார். முதலில் ஏழாவது கப்பலின் தட்டல் மட்டும்தான் வந்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்றவையும் வந்து சேர்ந்துகொண்டன. அவர் குழாய்களுக்குத் துணி சுற்றத் தொடங்கினார்.

மணி நாலு பத்து ஆனது. கீழே தொடங்கியது. நாங்கள் இரண்டு பேரும் மேசையின் இரண்டு பக்கத்திலும் இருந்து கேட்டோம். முட்டை ஆறிப்போய்க் கிடந்தது. அவர் கண்ணை மூடித் தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

“இவர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும்” என்று மெல்லச் சொன்னார். “ஐம்பத்திரண்டு வருடம். எந்தத் தட்டு எந்தக் கப்பலுக்கு என்று பிரித்துச் சொல்வேன். ஆனால் ஒன்று மட்டும் என்னுடையது இல்லை.”

நான் ஆறின முட்டையை எடுத்து உரிக்கத் தொடங்கினேன்.

“எல்லாவற்றுக்கும் கடைசியில், கொஞ்சம் தள்ளி நின்று தட்டுகிறது. இரண்டு. பிறகு ஒன்று.” கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “நீ வந்த நாள் தொடங்கித்தான் அது வருகிறது.”

நான் எழுந்து கீழே போனேன். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.

நவம்பர் இரண்டாம் திகதி சகல ஆத்துமாக்களின் நாள். எங்கள் சனம் செத்தவர்களின் பெயரை எழுதிக் கோயிலில் கொடுக்கும், அடுத்து வரும் ஞாயிறு தமிழ்ப் பூசையில் சுவாமி அதை வாசிப்பார். கிளடிஸுக்கு அன்று லீவு. மீன் சொதி வைத்து, கிழவருக்கும் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு பட்டியலோடு மேலே போனாள். நானும் போனேன். அவருடைய மனைவியின் பெயரையும் போடட்டோ என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

“அவளுக்கு வேண்டியதை அவளே செபித்துவிட்டுப் போனாள்” என்றார் கிழவர். கரண்டியால் சொதியைக் கிண்டினார். “வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கப்பலின் பெயரைத்தான் கேட்டேன்.”

அதை நான் மொழிபெயர்த்ததும் கிளடிஸுக்கு அரைகுறையாக விளங்கிவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள், கடற்கரையில் பிறந்தவள். “அப்ப கப்பலின்ரை பேரைத் தரச் சொல்லுங்கோ” என்றாள். “சுவாமி தண்ணி தெளிச்சு, பேர் வைச்சுத்தானே வள்ளத்தைக் கடல்லை இறக்கிறது. அதுவும் பேர்தான்.”

“அவர் எங்கடை வேதம் இல்லையப்பா.”

“கடலுக்கு ஏது வேதம்?”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கப் போகிறாளே என்று நினைத்தேன். கிழவர் ஏழு பெயரையும் ஒரு மூச்சில் சொன்னார். கடைசியாக எடித் ரோவன். அவள் தமிழ் எழுத்தில் எழுதினாள். எழுதி முடித்தும் பேனையை மூடவில்லை.

“இஞ்சாருங்கோ. தம்பியின்ரை பேரையும் போடட்டோ?”

அவள் என்னைப் பார்க்காமல் தாளைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். “அஞ்சு வருசமாச்சு. உயிரோடை இருந்தால் ஒரு கடிதம் வந்திருக்கும். எனக்குத் தெரியேல்லை. நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள்தானே கடைசியாய்க் கண்டது.”

ஓம், போடு என்று சொல்ல இரண்டே இரண்டு சொல்தான் வேண்டியிருந்தது. அதைச் சொன்னால் எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும்.

“வேண்டாம்” என்றேன். “உயிரோடை இருந்தானெண்டால்? உயிரோடை இருக்கிறவனுக்குப் பூசை வைக்கிறதே?”

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பேனையை மூடினாள். கிழவருக்கு ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாது. ஆனால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓர் இயந்திரம் ஓட்டத்தை மாற்றினால் எனக்குக் கேட்கும்” என்றார், கிளடிஸ் கோப்பையைக் கழுவப் போனபோது.

ஞாயிறு பூசையில் சுவாமி பெயர்களை வாசித்தார். பிரான்சிஸ்கு, மரியம்மா, சவிரிமுத்து என்று போய்க்கொண்டிருந்த பட்டியலில் அந்த ஏழு பெயர்களும் வந்தபோது ஒரு கணம் நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்து, பிறகு எல்லாவற்றையும் ஒழுங்காக வாசித்தார். சனம் எல்லாவற்றுக்கும் சேர்த்து, நித்திய இளைப்பாற்றியைக் கொடுத்தருளும் என்றது. என் கைக்கடிகாரத்தில் நாலு பதினொன்று.

திரும்பி வந்தபோது கிழவர் வாசற் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளிருக்குள் நின்றார். அழுதிருந்தார். கிளடிஸின் கையைப் பிடித்து ஜெர்மனில் என்னவோ சொன்னார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு கீழே போனாள்.

“வரவில்லை” என்றார் என்னிடம். “ஒருவரும் வரவில்லை. எடித் ரோவனும் வரவில்லை.”

நான் நல்லது என்றேன்.

அவர் என் முகத்துக்கு முன்னால் இரண்டு விரலைக் காட்டினார். மடக்கினார். பிறகு ஒரு விரலைக் காட்டினார்.

“அது மட்டும் வந்தது.”

பதினொரு நாளில் கிழவர் போய்விட்டார். காலையில் நான் வேலையால் வந்தபோது வாசல் லைற் அணையாமல் எரிந்தது. மணியை அழுத்தினேன், பிறகு அவர் தந்து வைத்திருந்த திறப்பால் திறந்தேன். கட்டிலில் நேராகப் படுத்திருந்தார். வீட்டில் இருந்த அத்தனை குழாய்களும் வெறுமையாக மினுங்கின. எங்கள் பகுதிக் குழாய்களைக்கூட நாங்கள் இல்லாத நேரத்தில் அவிழ்த்திருந்தார். எல்லாத் துணியையும் தோய்த்து, மடித்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். மேலே அந்தப் பூப்போட்ட பாவாடைத் துணி இருந்தது. அப்படி நிம்மதியான ஒரு முகத்தை நான் உயிரோடிருக்கும் ஆரிடமும் கண்டதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

வீட்டை விற்கப் போகிறோம், மாத முடிவில் விட்டு எழும்புங்கள் என்று ஒரு லோயரிடமிருந்து கடிதம் வந்தது. மல்வேர்னில் ஒரு அபார்ட்மென்ற் கிடைத்தது. ஒன்பதாம் மாடி, மின்சார ஹீற்றர், குழாயே இல்லை என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் எடுத்தேன். சாமான் கட்ட ஒரு புதன்கிழமை கிளடிஸ் லீவு போட்டாள். முதலில் கட்டின பெட்டிக்குள் அவள் ரேடியோவையும் வைத்துவிட்டதை நான் கவனிக்கவில்லை.

நாலு மணிக்கே பேஸ்மென்றுக்குள் இருட்டிவிட்டது. அவள் சமையற் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

மணம் முதலில் வந்தது. இந்தமுறை டீசல் இல்லை. மண்ணெண்ணெய். நனைந்த கயிறு. பேசாலைக் கடல்.

தட், தட்.

தட்.

கிளடிஸின் கை பேப்பரில் அப்படியே நின்றது.

நான் சுத்தியலை எடுத்துக் கட்டிற்சட்டத்தில் ஓங்கி அடித்தேன். “பழைய வீடு” என்றேன். “மரம் குளிருக்கு முறியுது.”

தட், தட்.

தட்.

அவள் எழுந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. வீட்டு வாசலில் ஆரோ வந்துவிட்டார்கள், உலையை இறக்கிவிட்டுப் போய்த் திறக்க வேண்டும் என்பது போன்ற ஒரு அவசரம்தான் இருந்தது.

“தம்பி தட்டுறான்” என்றாள்.

அவன் பத்து வயதில் அந்தத் தட்டைப் பழகியது அவளோடுதான் என்பது எனக்குத் தெரியும். மறந்துவிட்டேனா, மறக்க விரும்பினேனா என்று தெரியவில்லை. பெட்டிக்குள்ளிருந்து அகப்பையை இழுத்தெடுத்து, வெறும் குழாயில் அவள் பதிலுக்குத் தட்டினாள். இரண்டு. ஒன்று.

வீடு முழுக்க ஓடி அந்தச் சத்தம் அடங்கியது.

சுவருக்கு அப்பாலிருந்து உடனே பதில் வந்தது. வேகமாக, திரும்பத் திரும்ப. ஐந்து வருடம் தட்டினவனுக்கு முதல் தடவையாக ஓர் ஆள் பதில் சொல்லிவிட்டது.

அவள் நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றாள். அது அடங்கிய பிறகுதான் திரும்பினாள். வெள்ளை உப்பு அவள் நெற்றியில் ஒட்டியிருந்தது.

“இதை நீங்கள் எத்தினை நாளாய்க் கேக்கிறியள்?”

சுத்தியல் என் கையிலேயே இருந்தது. எனக்குக் களைத்துவிட்டது. அதைத் தவிர வேறு நல்ல காரணம் ஒன்றும் இல்லை.

“அஞ்சு வருசமாய்” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பத்தொன்பது பேரையும் சொன்னேன், ஆறு குழந்தைகளையும் சொன்னேன். கடைசியில் ஒரு கேள்விதான் கேட்டாள்.

“சனத்தை இறக்கிப்போட்டுத் திரும்பிப் போய்ப் பாத்தனீங்களோ?”

இல்லை என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, மிச்சப் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றத் தொடங்கினாள்.

அடுத்த வருடம் பட்டியலில் அலெக்ஸாண்டரின் பெயரை அவளே எழுதினாள். அந்த ஏழு கப்பலையும் கிழவரையும் அவன் பெயருக்குக் கீழே எழுதினாள். ஊரில் மாமி அந்தச் சட்டைகளை ஆருக்கோ கொடுத்துவிட்டா. சுவாமி பெயரை வாசித்தார், சனம் பதில் சொன்னது. கிளடிஸிடம் சொன்ன அன்றோடு எனக்கு அந்தத் தட்டுக் கேட்காமல் போய்விட்டது. ரேடியோ இல்லாமல் நித்திரை கொள்கிறேன். முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மல்வேர்னுக்கு வந்த பிறகு எனக்குப் பகல் வேலை, கிளடிஸுக்கு விடியற்காலை வேலை; போன கிழமை பேக்கரியில் ஷிப்ற் மாறி, பின்னேரம் வீட்டில் நின்றேன். மணி நாலு பத்து. கிளடிஸ் படுக்கையறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில், தரையில் இருந்தாள். விரல் முட்டியால் சுவரில் தட்டினாள். இரண்டு. ஒன்று. பிறகு கன்னத்தைச் சுவரில் வைத்து, கேட்டு, தலையை ஆட்டினாள். எனக்கு அவள் தட்டியது மட்டும்தான் கேட்டது.

“இன்னும் வாறானோ?” என்று கேட்டேன்.

“ஓம்.”

“பேர் வாசிச்சாச்சுதானே. பூசையும் வைச்சாச்சு. இன்னும் என்னவாம்?”

“கிழவன்ரை ஆக்களுக்குப் பேர் இல்லாமல் இருந்தது. அதுதான் போட்டினம்” என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, அலுப்புத்தான். “அவனுக்கு எப்பவும் பேர் இருந்தது. அவன் அதையேதான் தட்டுறான். நான் இஞ்சை நிக்கிறன், வா எண்டு. என்னையில்லை. உங்களை.”

அவள் எழுந்து தேத்தண்ணி போடப் போனாள். நான் அவள் இருந்த இடத்தில் குந்திச் சுவரைப் பார்த்தேன். ஒன்பதாம் மாடிச் சுவர், குழாய் இல்லாத சுவர். என் நெஞ்சு உயரத்தில், விரல் விரித்த ஒரு கையின் வடிவில் பெயின்ற் வெள்ளையாகப் பூத்திருந்தது. கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். விரலுக்கு விரல் சரியாகப் பொருந்தியது. சுவருக்கு அந்தப் பக்கத்துக் கை ஈரமாக இருந்தது.